சடையா, சிக்கா?

சைதாப்பேட்டை காரணீஸ்வரர் கோயில் பக்கம் பூக்கட்டி விற்கும் அம்மா ஒருவர், என் அக்கா மகனை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார்.

"ஏம்ப்பா, தலையில இருக்கிறது சடையா, சிக்கா?"

அவன் தன் முடியை 52 புரிகளாகத் திரித்து முதுகு வரை விட்டிருக்கிறான். ஆங்கிலத்தில் அதற்கு லாக்ஸ் என்று பெயர். கொஞ்ச காலம் முன்பு வரை ட்ரெட்லாக்ஸ் என்பார்கள். "சடைதாம்மா. ஸ்டைலுக்குப் போட்டிருக்கேன்" என்றான். அம்மா முழம் அளந்துகொண்டே அடுத்ததைக் கேட்டார். "சாமிக்கு விட்டிருந்தா ஒண்ணும் கேக்க மாட்டேன். ஸ்டைலுன்றியே, எப்படித் தலைக்கு ஊத்துவ? எப்படிக் காய வெப்ப?"

கேலியாகக் கேட்கவில்லை. வளர்ந்த பிள்ளையின் தலையைப் பற்றி வீட்டுப் பெரியவர் கேட்பதுபோலத்தான் கேட்டார். அவர் சொன்ன இரண்டு சொற்களும் என் மனதில் தங்கிவிட்டன. சடை, சிக்கு. வாரப்படாத முடியைக் கண்டால் நாம் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்கிறோம். தமிழோ இந்த இரண்டையும் தொடக்கத்திலிருந்தே வேறு வேறாக வைத்திருக்கிறது. அந்த வேறுபாட்டை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன், சடை என்ற சொல்லை 'ஜடா' என்ற வடசொல்லிலிருந்து வந்ததாகக் காட்டுகிறது. அதைத் தமிழ்ச் சொல்லாகவே கொள்பவர்களும் உண்டு. எப்படியானாலும் தென்னிந்திய மொழிகள் எல்லாவற்றிலும் அது வீட்டுச் சொல்லாகிவிட்டது. தெலுங்கில் ஜட, கன்னடத்தில் ஜடெ. சென்னைக்காரர்கள் ஜடை என்கிறோம், தெற்கத்திக்காரர்கள் சடை என்கிறார்கள். வடமொழியில் ஜடா என்பது திரண்ட முடியையும் குறிக்கும், ஆலமரத்தின் விழுது போன்ற நார்வேரையும் குறிக்கும். நாட்டு மருந்துக் கடையில் கூந்தல் தைலத்துக்கு வாங்குகிறோமே, சடாமாஞ்சில், அதன் பெயரில் இருப்பதும் இதே சொல்தான். அந்தக் கிழங்கைக் கையில் எடுத்துப் பார்த்தால் காரணம் புரியும். மேலெல்லாம் பழுப்பு நிற முடி சுற்றியதுபோல் நார் மூடியிருக்கும்.

இந்த ஒரு சொல் போகப் போக இரண்டு வழிகளில் பிரிந்தது. ஒரு வழி சிக்கலை நோக்கிப் போனது. பாலி மொழியில் ஜடா என்றால் மூங்கில் புதரின் கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு விடுபட முடியாமல் கிடப்பது. காஞ்சிபுரத்தில் தங்கியிருந்த பௌத்த ஆசிரியர் புத்தகோசர், தம் விசுத்திமக்கம் என்ற பெருநூலை இந்தச் சொல்லை வைத்தே தொடங்குகிறார்: உள்ளும் புறமும் சிக்குண்டு கிடக்கும் மனிதனின் சிக்கை யார் அவிழ்ப்பது என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. இன்றைய இந்தியில் 'ஜடில்' என்றால் சிக்கலானது, விளங்கிக்கொள்ளக் கடினமானது.

இன்னொரு வழி ஒழுங்கை நோக்கிப் போனது. வேதம் ஓதுவதில் ஜடா பாடம் என்று ஒரு முறை உண்டு. முதல் சொல், இரண்டாம் சொல். பிறகு இரண்டாம் சொல், முதல் சொல். மறுபடி முதல் சொல், இரண்டாம் சொல். இப்படி முன்னும் பின்னுமாகச் சொற்களை முறுக்கிக்கொண்டே போவார்கள். இதற்கு மேற்பட்டது கன பாடம். மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் கனபாடிகள் என்று மதிப்போடு அழைக்கப்படுகிறவர்கள் அதில் தேர்ந்தவர்கள். சொற்களை இப்படி முறுக்குவது குழப்புவதற்காக அல்ல. எழுதி வைக்காத ஒரு நூலில் ஓர் எழுத்துகூடப் பிசகாமல் காப்பதற்காக. முறுக்கு ஏறினால் இழை உறுதிப்படும் என்பது கயிறு திரிப்பவருக்கும் தெரியும், ஓதுபவருக்கும் தெரியும்.

தமிழ் இந்த இரண்டாம் வழியைத்தான் எடுத்துக்கொண்டது. அவிழாத குழப்பத்துக்குச் சிக்கு, சிடுக்கு, சிக்கல் என்று தனிச் சொற்களை வைத்துக்கொண்டது. எண்ணெய் காணாமல் பறக்கும் தலைக்குப் பரட்டை என்று வேறொரு சொல் வைத்தது. சடைக்கு முன்னால் அது சேர்க்கும் அடைமொழிகளைப் பாருங்கள்: தாழ்சடை, விரிசடை, செஞ்சடை, நீள்சடை, புரிசடை. இவற்றில் ஒன்றுகூட இகழ்ச்சி அல்ல. எல்லாமே பார்த்து ரசித்தவன் சொல்.

இவற்றில் என்னை நிறுத்திய சொல் புரிசடை. புரி என்றால் முறுக்கு, திரித்த இழை. மூன்று புரிக் கயிறு என்கிறோம். பூணூலை முப்புரிநூல் என்கிறோம். சங்கில் வலம்புரி, இடம்புரி என்பது அதன் சுழி எந்தப் பக்கம் முறுக்கிக்கொண்டு போகிறது என்பதைச் சொல்கிறது. ஆகவே புரிசடை என்றால் தானாகக் கட்டிபட்டுப் போன முடி என்று பொருள் கொள்ள முடியாது. திரித்த முடி என்றே பொருள் கொள்ளத் தோன்றுகிறது.

இந்தச் சொல் வரும் இடம் அதைவிட அழகு. புறநானூற்றின் 251ஆம் பாட்டு மாற்பித்தியார் பாடியது. துறவு பூண்டவனின் பெருமையைச் சொல்லும் தாபத வாகைத் துறை. ஓவியம் போன்ற மாளிகையில் இளம்பெண்களின் வளை நெகிழக் காரணமாக இருந்த ஒருவன், இப்போது மூங்கில் மலையில் அருவியில் ஆடுகிறான். காட்டு யானை கொண்டுவந்து போட்ட விறகில் தீ மூட்டுகிறான். அந்தத் தீயில் என்ன செய்கிறான் என்பதில்தான் பாட்டு முடிகிறது. முதுகில் தாழ்ந்து தொங்கும் புரிசடையைக் காய வைக்கிறான். எல்லாவற்றையும் விட்டு வந்தவன், நனைந்த சடையைக் காய வைப்பதை மட்டும் விடவில்லை. அதே புலவர் பாடிய அடுத்த பாட்டில், இடைவிடாமல் அருவி விழுந்ததால் சடை நிறம் மாறித் தில்லை மரத்தின் இலைபோல் ஆகிவிட்டது. சடை வைத்திருந்தவர்களைப் பக்கத்தில் இருந்து பார்க்காத ஒருவருக்கு இந்த இரண்டு செய்தியும் தோன்றியிருக்காது. பூக்கார அம்மா கேட்ட இரண்டு கேள்விகளுக்கும், எப்படித் தலைக்கு ஊற்றுகிறாய், எப்படிக் காய வைக்கிறாய் என்பதற்கும், விடை இந்த இரண்டு பாட்டிலும் இருக்கிறது.

சடை செய்யப்படுவது என்பதற்கு இன்னொரு சான்று வால்மீகியிடம் உண்டு. கங்கைக் கரையில் இராமன் குகனிடம் கேட்டு வாங்குவது ஆலம்பால். அதைக் கொண்டுதான் தனக்கும் இலக்குவனுக்கும் சடை ஆக்கிக்கொள்கிறான். அரண்மனையில் எண்ணெய் தடவி வாரிய முடி ஒரே நாளில் சடையாகாது அல்லவா? பிடிப்பதற்கு ஒரு பசை வேண்டியிருந்தது. விழுது விடும் மரத்தின் பாலையே அதற்குத் தேர்ந்தார்கள். இன்று லாக்ஸ் போடுபவர்கள் மெழுகும் ஜெல்லும் தடவிப் புரியைப் பிடிக்க வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

சடை பெருமையாக இருந்த நாட்டில் அது ஆள் பெயராகவும் ஆனது. சிவனுக்குச் சடையன் என்று பெயர். திருப்பனந்தாளில் அவர் செஞ்சடையப்பர். திருவலஞ்சுழியில் கபர்தீஸ்வரர். கபர்தம் என்றால் பின்னிச் சுருட்டிய முடி. அதை உடையவன் என்ற பொருளில் ரிக்வேதம் உருத்திரனைக் கபர்தி என்கிறது. சுந்தரமூர்த்தி நாயனாரின் தந்தை பெயர் சடையனார். 63 நாயன்மார்களில் அவரும் ஒருவர். கம்பரை ஆதரித்த திருவெண்ணெய்நல்லூர் வள்ளல் சடையப்பர். பாண்டியர் தம் அரசர்களுக்கு மாறன், சடையன் என்ற பெயர்களை மாறி மாறிச் சூட்டினார்கள். 8ஆம் நூற்றாண்டில் வேள்விக்குடிச் செப்பேட்டை அளித்தவன் பராந்தக நெடுஞ்சடையன். 1251இல் ஆட்சிக்கு வந்தவன் சடையவர்மன் சுந்தர பாண்டியன். நெடுஞ்சடையனை வடமொழியில் ஜடிலன் என்று எழுதினார்கள். இந்தியில் சிக்கலுக்குப் பெயரான அதே சொல், மதுரையில் முடிசூடிய மன்னனுக்குப் பெயர். சொல் போன வழி எவ்வளவு விலகிவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அரசர் பெயரிலிருந்து சொல் இறங்கி வந்து பெண்கள் தலையில் அமர்ந்தது. இன்று சைதாப்பேட்டையில் காலை எட்டு மணிக்கு எந்தத் தெருவில் நின்றாலும், ரிப்பன் வைத்து மடித்துக் கட்டிய ரெட்டைச் சடையோடு பள்ளிக்குப் போகும் பெண் பிள்ளைகளைப் பார்க்கலாம். தவசியின் திரண்ட முடிக்கும், மூன்று பிரியாகப் பிரித்து அம்மா பின்னிவிடும் கூந்தலுக்கும் ஒரே பெயர் எப்படி வந்தது? இரண்டிலும் முடி புரியாகப் பிரிந்து முறுக்கேறுகிறது. ஒன்று மாலையில் அவிழும், இன்னொன்று அவிழாது. அவ்வளவுதான் வேறுபாடு. கல்யாணத்தில் ராக்குடியும் சடைபில்லையும் குஞ்சலமும் வைத்துத் தைக்கும் பூச்சடையை நினைத்துப் பாருங்கள். குச்சிப்புடியின் பாமா கலாபத்தில் சத்தியபாமையாக ஆடுபவர், திரைக்கு மேல் தன் நீண்ட சடையை எடுத்துப் போட்டு அறிமுகமாவார். என்னை வெல்பவர் இருந்தால் இதை அறுக்கலாம் என்ற சவால் அது. சென்னையில் 1963இல் குச்சிப்புடி ஆர்ட் அகாடமியைத் தொடங்கிய வேம்பட்டி சின்ன சத்யம் இந்தக் கலையை நம் ஊர் மேடைகளுக்குப் பழக்கினார்.

ஈழத்தமிழில் சொல் இன்னொரு அடி எடுத்து வைத்தது. கிளையும் இலையும் அடர்ந்து வளர்ந்த மரத்தை அங்கே 'சடைச்சு வளர்ந்திருக்கு' என்பார்கள். செழிப்பைச் சொல்லும் சொல் அது. முடி அடர்ந்த நாயைச் சடைநாய் என்று நாமும் சொல்கிறோம்.

இந்தப் பெருமைக்கு நிழலான ஒரு பக்கமும் உண்டு. அதை மறைப்பது நேர்மை ஆகாது. நோயிலோ, மனச் சோர்விலோ, பல வாரம் வாராமல் விட்டதாலோ முடி ஒரே பாளமாக இறுகிப்போவதுண்டு. ஊரில் அதையும் சடை பிடித்துவிட்டது, சடை விழுந்துவிட்டது என்றே சொல்வார்கள். அம்மன் வந்துவிட்டாள், கத்தி வைக்கக் கூடாது என்று பயந்து அப்படியே விட்டுவிடும் குடும்பங்கள் இருக்கின்றன. கழுத்து வலி, பேன், புண் எல்லாவற்றையும் பெண்ணே தாங்க வேண்டியிருக்கிறது. மகாராஷ்டிரத்தில் நரேந்திர தாபோல்கர் தொடங்கிய மூடநம்பிக்கை ஒழிப்பு இயக்கத்தின் தொண்டர்கள், இப்படி 'ஜட்' விழுந்த பெண்களிடம் பொறுமையாகப் பேசிப் பயத்தைப் போக்கி அதை வெட்டி எடுத்திருக்கிறார்கள். இலங்கை மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர கதிர்காமத்தில் சடை விட்ட பக்தைகளிடம் பேசி 1981இல் எழுதிய நூல், அந்தச் சடைக்குப் பின்னால் ஒவ்வொருவருக்கும் ஒரு சொந்த வேதனையும் விடுதலையும் இருந்ததைக் காட்டுகிறது. வேண்டி விரும்பி விட்ட சடையை நாம் மதிக்க வேண்டும். வேண்டாமல் வந்து இறுகிய முடி சிக்குதான். அதற்குத் தேவை மருத்துவரும் ஆறுதலும்.

இனி ஆங்கிலச் சொல்லின் கதை. 1930இல் எத்தியோப்பியாவில் ஹைலே செலாசி முடிசூட்டிக்கொண்டதை அடுத்து ஜமைக்காவில் ரஸ்தஃபாரி நெறி பிறந்தது. அதைப் பின்பற்றியவர்கள் கத்தி படாமல் முடியைத் திரித்து வளர்த்தார்கள். ட்ரெட் என்றால் அச்சம். கடவுளிடம் கொள்ளும் அச்சம் என்று அவர்கள் சொன்னார்கள்; பார்த்தவர்கள் அருவருப்பு என்று கேட்டுக்கொண்டார்கள். அந்தப் பெயரே ஒரு பழியாகிவிட்டதால் இன்று பலர் முன்பாதியை உதறிவிட்டு லாக்ஸ் என்று மட்டும் சொல்கிறார்கள். பள்ளியிலும் வேலையிலும் இந்த முடிக்காக ஒருவரை ஒதுக்கக் கூடாது என்று 2019இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் சட்டமே போட்டது.

இந்தக் கதையில் நமக்கும் ஒரு பங்கு இருக்கலாம் என்று ஆய்வாளர் சிலர் கருதுகிறார்கள். 1845 முதல் 1917 வரை ஏறத்தாழ 36,000 இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக ஜமைக்காவுக்குப் போனார்கள். கல்கத்தாவிலிருந்து மட்டுமல்ல, மதராஸ் துறைமுகத்திலிருந்தும் கப்பல் ஏறினார்கள். கஞ்சா என்ற சொல்லே அவர்களோடுதான் அந்தத் தீவுக்குப் போனது. ரஸ்தஃபாரியின் முதல் போதகர்களில் ஒருவரான லெனர்ட் ஹவல், 1935 வாக்கில் தம் நூலைக் கங்குங்குரு மராஜ் என்ற இந்தியச் சாயலுள்ள பெயரில் வெளியிட்டார். சடை விட்ட சாதுக்களின் நினைவும் அந்தக் கூலிகளோடு கடல் கடந்திருக்கலாம் என்பது அந்த ஆய்வாளர்களின் வாதம். கென்யாவின் மாவ் மாவ் போராளிகளின் படங்களே முன்மாதிரி என்பவர்களும் உண்டு. எது சரியானாலும், அச்சம் என்ற சொல்லை ஒட்டவைக்காமல் இந்த முடிக்கு ஒரு பெயர் தேடுகிறது உலகம். நம்மிடம் அது தயாராக இருக்கிறது.

அக்கா மகனோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். பஜார் ரோட்டிலிருந்து பிரியும் சந்தில், மாடியில் ஒரு சின்ன சலூன். முதலில் தலையை அலசினார்கள். படிவு விடாத ஷாம்பூவைத் தண்ணீரில் கரைத்து, முடியில் அல்லாமல் மண்டைத் தோலில் விரல் நுனியால் தேய்த்தார் சலூன்காரரான ஓர் இளைஞர். போர் தண்ணீரின் உப்பு புரிக்குள் தங்காமல் இருக்கக் கடைசி அலசலுக்கு மெட்ரோ தண்ணீர். பிறகு துண்டால் பிழிந்து பிழிந்து ஈரம் எடுத்தார்.

அதன் பிறகுதான் உண்மையான வேலை. ஒவ்வொரு புரியையும் கிளிப் போட்டுத் தனித்தனியாக ஒதுக்கினார். முடி மாதம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக வளர்கிறது. ஆறு வாரத்தில் அடியில் முறுக்கேறாத புது முடி வந்துவிடுகிறது. நம் முடி பெரும்பாலும் நேரானது, வழுக்கும். ஆப்பிரிக்கச் சுருள் முடிபோல விரலால் திரித்தால் மட்டும் நிற்காது. அதனால் மெல்லிய குரோஷா ஊசியால் அந்தப் புது முடியைப் புரிக்குள் இழுத்துக் கோக்கிறார். ஒரு பக்கம் குத்தி இழுக்கிறார், தலையைத் திருப்பி எதிர்ப்பக்கம், பிறகு மற்ற இரண்டு பக்கம். பிறகு உள்ளங்கையில் வைத்து உருட்டுகிறார், எப்போதும் ஒரே திசையில். வலம்புரி என்றால் வலம்புரியாகவே. மாற்றி உருட்டினால் போன முறை ஏறிய முறுக்கு அவிழ்ந்துவிடும். அடியில் ஒட்டிக்கொண்டு ஒன்றாகப் பார்க்கும் இரண்டு புரிகளைப் பிரித்துவிட்டார். அதை விட்டுவிட்டால் 52 என்பது சில மாதத்தில் 40 ஆகும், பிறகு பாளமாகும்.

நெற்றியோரம் வந்ததும் கை மெதுவானது. "இங்க இறுக்கினா நல்லா நீட்டா தெரியும் ப்ரோ. ஆனா முடி போயிடும்" என்றார். தொடர்ந்து இழுபட்டால் வேர் தளர்ந்து நெற்றி ஏறிப்போகும். கவனிக்காமல் விட்டால் அங்கே முடி திரும்ப வராமலே போகலாம். வலியும் சின்னச் சின்னக் கொப்புளமும் அதன் முதல் அறிகுறி. "வாராவாரம் வந்து திரிக்காதீங்க. அஞ்சாறு வாரம் ஆகட்டும்." அடிக்கடி திரிப்பதும் கேடு, திரிக்காமலே விடுவதும் கேடு.

வேலை முடிய நான்கு மணி நேரம் ஆனது. கடைசியில் டிரையர். மேலே காய்ந்ததுபோல் தெரிந்தும் அவர் விடவில்லை. புரியின் நடுவில் விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். உள்ளே ஈரம் இருந்தால் பூஞ்சை பிடித்து வாடை வரும், ஐப்பசி கார்த்திகை மழையில் இன்னும் மோசம் என்றார். ஈரத்தோடு கொண்டை போடாதே, ராத்திரி பட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டு படு, தேங்காய் எண்ணெயை அப்பாதே என்று வழியனுப்பும்போது சொன்னார். அவர் டிரையரைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த நேரத்தில் மாற்பித்தியார் பாடிய மனிதன்தான் என் கண்முன் இருந்தான். யானை போட்ட விறகுக்குப் பதிலாக மின்சாரம், வேறொன்றும் மாறவில்லை.

இப்போது பூக்கார அம்மாவுக்கு விடை சொல்லலாம். கவனித்து, கழுவி, காய வைத்து, கணக்காகத் திரித்து வைத்தது சடை. கைவிட்டது சிக்கு. தெருவில் இப்படி ஒரு தலையைக் கண்டால், குளிக்கிறதே இல்லையா என்று கேட்பதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். நேர்முகத் தேர்வில் உட்கார்ந்திருப்பவர்களும் பள்ளி வாசலில் நிற்பவர்களும் நினைத்துக்கொள்ளட்டும். சடை விடும் ஆசையுள்ள பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை அரை நாளை ஒதுக்க முடியும் என்றால் மட்டும் தொடங்குங்கள், தெரிந்தவர் கையில் தலையைக் கொடுங்கள்.

பெயர் கேட்பவர்களிடம் புரிசடை என்று சொல்லுங்கள். அந்தச் சொல் புறநானூற்றில் இருக்கிறது.